இரண்டு மைக்ரான்

மூச்சை அடக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுகிறார். வலது கை கைப்பிடியில் இருக்கிறது, இடது கையில் ஒரு மெல்லிய தூரிகை. திசு பொதிந்த மெழுகுக் கட்டி கத்தியின் மேல் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு செதில் விழுகிறது. முந்தைய செதிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வர, நாடாவாக நீள்கிறது. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மூச்சு விடும்போது மட்டும், "வாடி, சுருளாம வா, அப்படித்தான்" என்று அதனிடம் பேசுகிறார். அந்த நேரத்தில் மின்விசிறி சுழலக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. ஒருமுறை கூரியர்க்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, நாடா பறந்துபோய் அவருடைய சட்டையில் ஒட்டிக்கொண்டது. "அசையாதீங்க. உங்க சட்டை மேல ஒருத்தரோட கிட்னி இருக்கு" என்றார் இவர். அன்றிலிருந்து கூரியர்க்காரர் வாசலிலேயே நின்று குரல் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் வெள்ளியக்கா. சிறுநீரகத் திசுவுக்கு ஏற்றும் சாயங்களில் ஒன்று வெள்ளிக் கரைசல். அதைச் சரியாக ஏற்றத் தெரிந்தவர் இங்கே இவர் ஒருவர்தான். வயது ஐம்பத்தெட்டு. குட்டையான உருவம், உயரமான நாற்காலி. வெள்ளி பட்டுப் பட்டு வலது கையின் மூன்று விரல் நுனிகள் கறுத்துப் போயிருக்கின்றன. கையுறை போடுங்கள் என்றால், "போட்டா செதில் கைக்கு வர்றது தெரியமாட்டேங்குதே" என்பார். கல்யாண வீடுகளில் புதிதாகப் பார்க்கிறவர்கள் விரலைப் பார்த்து, என்னவோ தீர்க்க முடியாத வியாதி என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்களாம். "நல்லதுதான், எடம் தாராளமா கிடைக்குது" என்கிறார்.

நான் அதே அறையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வரும் திசுக்களுக்கு எண் போட்டுப் பதிவு செய்வதும், டாக்டர்கள் சொல்லும் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் நோய்களைக் கண்டுபிடிப்பதாக அப்பா தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். திருத்துவதற்கு எனக்கும் மனம் வரவில்லை. வெள்ளியக்கா என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். "என்ன டிகிரி, சாப்பிட்டாச்சா?" அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று இரண்டு வருடமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுநீரகத் திசு இங்கே வரும்போது பார்க்க ஒன்றுமே இல்லை. முதுகில் ஊசியைச் செலுத்தி எடுத்த, ஒரு விரற்கடைகூட இல்லாத இரண்டு நூல்கள். தண்ணீர் மாதிரியான திரவத்தில் மிதக்கும். வெள்ளியக்கா குப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பார். நூலில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் முகம் தெளியும். ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருண்டு முடிச்சான ஒரு வடிகட்டி. மனிதருக்கு அப்படி இலட்சக்கணக்கில் இருக்கிறது. நூலில் பத்துப் பதினைந்து வந்தால் அதிர்ஷ்டம். அவர் அகராதியில் அதற்குப் பெயர் பந்து. "இன்னைக்குப் பதினாலு பந்து வந்திருக்கு, டாக்டருக்குக் கொண்டாட்டம்" என்பார். ஒன்றும் தெரியாவிட்டால் குப்பியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "மறுபடியும் குத்துவாங்க, பாவம்" என்பார்.

நோய்களுக்கும் அவரிடம் சொந்தப் பெயர்கள் உண்டு. பந்தைச் சுற்றி வேண்டாத செல்கள் பிறைபோலச் சேர்ந்து அதை நெரிப்பது 'கழுத்தைப் பிடிக்கறது'. இரத்தக் கொதிப்பு எல்லை மீறி, சிறு தமனியின் சுவர் அடுக்கடுக்காகத் தடித்து நடுவில் வழியே இல்லாமல் போவது 'வெங்காயம்'. நீண்டகாலச் சர்க்கரையால் பந்துக்குள் உருண்டை கட்டுவது 'குட்டி போட்டது'. இத்தனையும் தெரிந்தவர், நோய் என்ன என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். "நான் வெட்டறவ. படிக்கறவங்க அந்த ரூம்ல இருக்காங்க." நோயாளியின் பெயர், வயது, ஊர் எதையும் அவர் விண்ணப்பத்தில் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னக் குழந்தையின் வயதைப் படித்துவிட, அன்று வெட்டியதெல்லாம் கிழிந்து போனதாம். அதிலிருந்து இந்தப் பழக்கம்.

வெள்ளி ஏற்றும் நாளில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. சூடான தண்ணீர்த் தொட்டிக்குள் கரைசல் ஜாடி. அதற்குள் செதில்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகள். உலோக இடுக்கியை உள்ளே விட்டால் வெள்ளி முழுவதும் அதில் போய் அப்பிக்கொள்ளும் என்று பிளாஸ்டிக் இடுக்கிதான். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. அதன்பின் திசு மஞ்சளாகி, தேயிலைச் சாறாகி, பழுப்பாகி, ஒரு கட்டத்தில் பந்தின் சுவர்கள் மட்டும் கறுப்புக் கோடுகளாக எழும்பி நிற்கும். அந்த நொடியில் எடுக்க வேண்டும். அரை நிமிடம் தாண்டினால் எல்லாமே கறுப்பு. அதற்குக் கடிகாரத்தை அவர் நம்புவதில்லை. தகட்டை வெளியே எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் காட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று உள்ளே விடுவார்.

வீட்டில் கதையே வேறு. அவருடைய கணவர் அச்சகம் ஒன்றில் எந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க வந்தவர் என்னிடம் முறையிட்டார்: "ஊருக்கெல்லாம் மெல்லிசா வெட்டறாங்களாம். வீட்டுக்கு வந்து பாருங்க, கேரட்டு விறகுக் கட்டை மாதிரி கிடக்கும்." வெள்ளியக்கா தலை நிமிராமல், "பல்லு இருக்கறவரைக்கும் மெல்லுங்க" என்றார். ஒரே மகள் வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, கண்ணைக் காட்டச் சொல்கிறாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. உன் குரல்தான் சரியா கேக்கல" என்று போனை வைத்துவிடுவாராம்.

மற்ற திசுக்களை வெட்ட நான்கு மைக்ரான் தடிமன் போதும். சிறுநீரகத்துக்கு இரண்டு, தலைமுடியை நீளவாக்கில் முப்பது பாளமாகப் பிளந்தால் ஒரு பாளம் வருமே, அவ்வளவு. தடிமன் கூடினால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆரோக்கியமான பந்துகூடச் செல் பெருகி, சுவர் தடித்த பந்தாகத் தோற்றம் காட்டும். அதனால் சிறுநீரகக் கட்டியை எந்திரத்தில் பூட்டியதும் பக்கவாட்டுக் குமிழைத் திருப்பிக்கொண்டே, கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ரெண்டு" என்று சத்தமாகச் சொல்வது அவர் வழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலையிலும் சொன்னார். நான் கேட்டேன். யாராவது சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால் சத்தியமே செய்திருப்பேன்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் எந்திரத்தின் உறையை எடுத்துவிட்டு, துடைக்கும் துணியோடு அப்படியே நின்றார். குமிழ் நான்கில் இருந்தது.

பக்கத்து எந்திரத்தில் வேலை செய்பவருக்கு 'அவசரம்' என்று பெயர். அவர் எல்லாவற்றிலும் அவசரம். பெயர் வைத்தது வெள்ளியக்காதான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது திருப்பியிருப்பாங்கக்கா" என்றார்.

"யாரு, நீயா?"

"நான் உங்க மெஷின் பக்கமே வரல."

"அப்புறம் பேயா வந்து திருப்பிச்சு?"

செவ்வாய்க்கிழமை அவர் முதலில் வெட்டியது ஒரு குடல் துண்டு, அதற்கு நான்கு. அடுத்து வெட்டியது சிறுநீரகம். அதன்பின் அந்த எந்திரத்தை யாரும் தொடவில்லை. மதியம் முழுவதும் அவர் வெள்ளி ஜாடியோடு நின்றிருந்தார். வாய் இரண்டு என்று சொல்லியிருக்கிறது, கை திருப்பவில்லை.

வெள்ளியக்கா தகடுகள் அடுக்கிய தட்டிலிருந்து முந்தைய நாளின் வெள்ளித் தகட்டை எடுத்துச் சன்னலில் காட்டினார். நிறம் கொஞ்சம் அடர்த்தி. "வெள்ளி ஒரு நிமிஷம் கூடியிருக்கும்" என்றார் அவசரம். வெள்ளியக்கா ஓரத்தில் கிடந்த பழைய நுண்ணோக்கியில் தகட்டை வைத்துக் குனிந்தார். இந்த இரண்டு வருடத்தில் அவர் நுண்ணோக்கியில் அவ்வளவு நேரம் குனிந்து நான் பார்த்ததில்லை. திருகை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். மெல்லிய செதில் என்றால் ஒரே நிலையில் முழுவதும் தெளிவாகத் தெரியும். இதில் ஒரு செல் தெளிந்தால் அதன் அடியில் இருக்கும் செல் மங்கியது.

"டிகிரி, இந்த நம்பர் ரிப்போர்ட் போயிடுச்சா?"

பெரிய மேடம், அதாவது எங்கள் தலைமை நோய்க்குறியியல் மருத்துவர், முந்தைய மாலையே வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டார். காலையில் நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். பந்துகளில் செல்கள் பெருகியிருக்கின்றன, சுவர்கள் தடித்திருக்கின்றன என்று அதில் இருந்தது. இந்த நோயாளிக்கு வேறு சோதனைகளுக்கென்று எடுத்த இரண்டாவது நூலில் பந்து ஒன்றுகூட இல்லை. அதனால் அவற்றை வைத்துச் சரிபார்க்க வழியில்லை. வெள்ளியக்கா வெட்டிய நூலிலும் ஆறே பந்துகள்தான்.

"என்ன மருந்து தர்றாங்களாம்?"

வார்டிலிருந்து வந்த குறிப்பைப் பார்த்தேன். கடுமையான மருந்து, நரம்பு வழியாக ஏற்றுவது. முதல் தவணை பன்னிரண்டு மணிக்கு. பின்னாளில் பிள்ளை பிறப்பதையே பாதிக்கக்கூடிய மருந்து என்று அதற்கான ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தது. சொன்னேன்.

கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வயசு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"பத்தொன்பது. பொண்ணு. மூஞ்சியும் காலும் வீங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்க."

அவசரம் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மேடமே பார்த்துச் சரின்னு சொல்லியாச்சு. வியாதி நிஜமாவே இருந்தாலும் இருக்கும். இன்னும் பதினாலு மாசம்தான் உங்களுக்கு சர்வீஸ். நீங்களா போய் தலையைக் கொடுக்காதீங்க."

"இருந்தாலும் இருக்கும்தான்" என்றார் வெள்ளியக்கா. "அதைக் கேட்டுட்டு வர்றேன்."

அவசரம் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நானாக இருந்தால் குமிழை மெதுவாக இரண்டுக்குத் திருப்பிவிட்டு உறையை மூடியிருப்பேனோ என்று இப்போதும் யோசிக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படித்ததில் இதற்கு விடை எங்கும் இல்லை.

பெரிய மேடத்தின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. "மேடம், நேத்து கிட்னி நான் தடிமனா வெட்டிட்டேன். நாலுல வெட்டியிருக்கேன். நீங்க பார்த்தது சரியா இருக்காது" என்று ஒரே மூச்சில் சொன்னது இங்கே வரைக்கும் கேட்டது. பெரிய மேடத்துக்குக் கோபம் வந்தால் பேனாவை மூடி மூடித் திறப்பார். அந்தச் சத்தம் மூன்று முறை கேட்டது. பிறகு தகட்டை நுண்ணோக்கியில் வைக்கும் சத்தம். பிறகு வார்டுக்குப் போன்: "அந்த மருந்தை நிறுத்தி வையுங்க. இல்ல, இன்னும் தெரியாது. சாயங்காலம் சொல்றேன்." போனை வைத்ததும், "கட்டியில இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு மேடம். திருப்பிப் பூட்டறதுலதான் பயம்."

அந்தப் பயம் இந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். ஒருமுறை கழற்றிய கட்டியைத் திரும்பப் பூட்டும்போது பழைய கோணம் அப்படியே அமையாது. மயிரிழை சாய்ந்திருந்தால், கத்தி கட்டியின் முழு முகத்தையும் தொடுவதற்குள், மேடாக இருக்கும் பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிடும். பெரிய திசு என்றால் கவலையில்லை. நூல் அளவு திசுவில் அந்த நாலு சுற்றிலேயே ஆறு பந்தும் போய்விடலாம். போனால் அந்தப் பெண்ணை மறுபடி குப்புறப் படுக்கவைத்து ஊசி போட வேண்டும். உள்ளே இரத்தம் கசிந்தால் அது வேறு வம்பு.

கட்டியைப் பனிக்கட்டியில் குளிர வைத்தார். பூட்டினார். பின்னால் ஒரு சின்ன விளக்கை ஏற்றி, கத்திக்கும் கட்டிக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கோட்டைப் பார்த்தார். இடது பக்கம் கோடு தடித்திருந்தது. திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். பார்த்தார். மறுபடி திருப்பினார். இதற்கே இருபது நிமிடம் ஆனது. அவசரம் தன் எந்திரத்தை நிறுத்திவிட்டு, கேட்காமலே எழுந்துபோய் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார், யாரும் வந்துவிடாதபடி.

குமிழைத் திருப்பினார். "ரெண்டு" என்று சொல்லவில்லை. "டிகிரி, இங்க வா. என்ன நம்பர்ல இருக்கு, படி."

"ரெண்டு."

"விரலை வச்சுக் காட்டிச் சொல்லு."

விரலை வைத்துக் காட்டினேன்.

முதல் சுற்றில் வெறும் மெழுகு. இரண்டாவதில் அரைகுறைச் செதில். அதையும் எறியாமல் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தகட்டில் ஏந்தினார். மூன்றாவதிலிருந்து முழு முகம் வந்தது. ஏழு செதில். எட்டாவது சுற்றைச் சுற்றாமல் கையை எடுத்துவிட்டார். "போதும். மிச்சம் இருக்கட்டும்." அப்போதுதான் மூச்சு விட்டார். நானும்.

உலர்த்தி, சாயம் ஏற்றி, வெள்ளி பழுப்பாகி முடிய மதியம் மூன்றரை மணி ஆகிவிட்டது. தட்டைத் தானே எடுத்துப்போய் பெரிய மேடத்தின் முன்னால் வைத்துவிட்டு, வெளியே வராமல் அங்கேயே நின்றார். பெரிய மேடம் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தார். ஐந்து பந்துகள் மிஞ்சியிருந்தன. ஐந்திலும் சுவர்கள் பென்சிலால் இழுத்த கோடு மாதிரி மெல்லிசாக இருந்தன. செல் பெருக்கம் எதுவும் இல்லை. இரத்தக் குழாய்களும் ஒழுங்கு. பார்வைக்கு ஏறக்குறைய நல்ல சிறுநீரகம். இந்த வயதில் இப்படி இருந்துகொண்டே, முகம் வீங்கும் அளவுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகினால் அது மாத்திரையில் அடங்கும் வகையாக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

"நரம்புல ஏத்தற மருந்து வேண்டாம். மாத்திரை ஆரம்பிக்கச் சொல்றேன்" என்றார் பெரிய மேடம். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மூக்கை இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டார். "நேத்து எனக்கு இருபத்தோரு கேஸ். தகடு தடிமனா இருக்குன்னு நானும் கவனிச்சிருக்கணும்."

"அது உங்க கணக்கு மேடம்" என்றார் வெள்ளியக்கா. மரியாதைக் குறைவாக இல்லை. அவர் சொன்ன விதத்தில் பெரிய மேடமே லேசாகச் சிரித்துவிட்டார்.

திருத்திய அறிக்கை போக வேண்டும். ஏன் திருத்தினோம் என்று கடைசி வரியில் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. என்ன எழுதுவது என்று கேட்டேன். "தொழில்நுட்பக் காரணங்களால்னு போட்டுடு. அக்கா பேரை இழுக்க வேண்டாம். ஆஸ்பத்திரித் தரக் குழு தோண்ட ஆரம்பிச்சா கடைசி வருஷத்துல அவங்களுக்கு எதுக்கு விளக்கம் கேட்டு ஓலை?" என்றார் பெரிய மேடம். அது கருணைதான். அதற்குள் அவருடைய இருபத்தோரு கேஸும் பத்திரமாக ஒளிந்துகொள்ளும் என்பதும் எனக்குத் தெரிந்தது. எனக்கென்ன, சொன்னதை அடிப்பவன். அடித்தேன்.

வெள்ளியக்கா கைகளைக் கழுவிவிட்டு, ஈரத்தைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தார்.

"இது யாரு, தொழில்நுட்பம்? இங்க வேலை பார்க்கறாரா?"

"மேடம்தான் சொன்னாங்கக்கா."

"வார்டுல இருக்கற டாக்டர் இதைப் படிச்சா மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனப்பார். நாளைக்கு வேற கேஸ்ல சந்தேகம் வந்தா மெஷினைத் திட்டுவார், வெட்டறவங்களைக் கேக்கமாட்டார்."

"மேடம் கையெழுத்துப் போடணுமே."

"போடறதுக்கு முன்னாடி படிப்பாங்க இல்ல? படிக்கட்டும். எந்திரி டிகிரி."

எழுந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. இந்தக் கணினியை அவர் இதுவரை தொட்டதே இல்லை. "அழிக்கறது எது?" என்று கேட்டார், காட்டினேன். அந்த விசையை அழுத்திப் பிடித்தார். வரி வாலிலிருந்து தலைவரை எழுத்தெழுத்தாகப் போய், இடம் வெறுமையானது. பின்பு விசைப் பலகையின் மேல் முகம் படும்படி குனிந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் பணியாளர் எண்ணை அடிக்க ஆரம்பித்தார்.